எடுத்த கந்தகத்தை எங்கே வைப்பது?

1951 டிசம்பரில் பிரான்ஸின் தென்மேற்கு மூலையில், பிரனீஸ் மலையடிவாரத்து லாக் என்னும் சிற்றூரில் எண்ணெய் தேடித் துளைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடந்த வாயுவில் போய்த் துளைக்கருவி முட்டியது. கிணறு கட்டுமீறிப் பீறிட்டது. அதை அடக்க டெக்சாஸிலிருந்து மைரன் கின்லி வர வேண்டியிருந்தது. கட்டுமீறிய கிணறுகளை அடக்குவதையே தொழிலாகக் கொண்டவர் அவர். கிணறு அடங்கிய பிறகுதான் சிக்கலின் முழு உருவம் தெரிந்தது. வந்த வாயுவில் ஏறக்குறைய 15 சதவீதம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, 10 சதவீதம் கரியமில வாயு. உள்ளே இறக்கிய எஃகுக் குழாய்கள் வெடித்து உடைந்தன. போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த நாட்டுக்கு எரிபொருள் அவசரமாக வேண்டும், காலடியில் அது குவிந்து கிடக்கிறது, எடுக்க வழியில்லை. அந்த வாயுவைத் தாங்கும் எஃகைப் பிரெஞ்சு உருக்காலைகள் உருவாக்கிய பிறகே, 1957-இல் லாக் வாயு ஊர்களுக்குப் போகத் தொடங்கியது. கூடவே கந்தகமும் வந்தது. பக்கத்துத் துறைமுகமான பயோன் வழியாக அது கப்பலேறியது. கந்தகம் வாங்கிக்கொண்டிருந்த பிரான்ஸ் சில ஆண்டுகளில் உலகச் சந்தையில் பெரிய விற்பனையாளர் ஆனது.

லாக்கின் கதையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வாயுவிலிருந்து வேண்டாததை எப்படிப் பிரிப்பது என்பது ஒன்று. பிரித்ததை என்ன செய்வது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு 1930-லேயே அடிப்படை விடை கிடைத்துவிட்டது. அதன்பின் வந்தவை பெரும்பாலும் அதன்மேல் செய்த செப்பனிடல்கள். இரண்டாம் கேள்வி நூறு ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. துறை நூல்கள் முதல் கேள்விக்குப் பல அத்தியாயங்களைக் கொடுத்துவிட்டு இரண்டாவதைக் கடைசியில் சில பக்கங்களில் முடித்துவிடுகின்றன. அந்த விகிதம் தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நிலத்தடியிலிருந்து வரும் இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன். கூடவே ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் என்று விலைபோகும் சரக்குகள். அவற்றோடு யாரும் கேட்காத கூட்டம் ஒன்றும் ஏறி வரும்: நீராவி, கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெர்காப்டன் என்னும் நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மங்கள், நைட்ரஜன், பாதரசம், சில இடங்களில் ஹீலியம். எந்த வயலில் எது எவ்வளவு என்பதை முடிவு செய்வது பாறையின் வரலாறு.

கந்தகம் மிகுந்த வயல்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் அபுதாபி, காஸ்பியன் கடலோரம், கனடாவின் ஆல்பர்ட்டா, சீனாவின் சிச்சுவான் வடிநிலம் என்று ஒரு வரிசை கிடைக்கும். எல்லாம் சுண்ணாம்புப் பாறை வயல்கள். அந்தப் பாறைக்கு உள்ளேயோ அருகிலோ அன்ஹைட்ரைட் இருக்கும். அதாவது நீர் நீங்கிய ஜிப்சம். பழங்காலக் கடல்கள் வற்றியபோது படிந்த கால்சியம் சல்ஃபேட் அது. புதையும் ஆழம் கூடி, வெப்பம் 120, 140 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தச் சல்ஃபேட்டும் ஹைட்ரோகார்பன்களும் வினைபுரியத் தொடங்குகின்றன. எரிவாயு நிலத்தடியிலேயே மெல்ல எரிகிறது என்றுகூடச் சொல்லலாம்; அதற்கு ஆக்சிஜன் தருவது பாறை. பல லட்சம் ஆண்டுகள் கழித்து மிஞ்சுவது ஹைட்ரஜன் சல்ஃபைடும் கரியமில வாயுவும். இவை இரண்டும் பல வயல்களில் ஜோடியாகவே வருவது இதனால்தான். ஆழம் குறைந்த இடங்களில் பாக்டீரியாக்களும் இதே வாயுவை உண்டாக்கும், ஆனால் சிறிய அளவில். மணற்கல்லில் தேங்கிய வாயு பெரும்பாலும் இந்தத் தொல்லையிலிருந்து தப்பிவிடுகிறது. எளிதாகக் கிடைத்ததை முதலில் எடுத்துத் தீர்த்துவிட்டு, இப்போது உலகம் ஆழத்துக்கும் கந்தகத்துக்கும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஹைட்ரஜன் சல்ஃபைடின் கெடுதல் அதன் நாற்றத்தோடு நிற்பதில்லை. அழுகிய முட்டை வாடை பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் (ஒரு பிபிஎம்) குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். நூறு பிபிஎம் அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போகும்; வாடை நின்றுவிட்டது, ஆபத்து போய்விட்டது என்று ஆள் நினைப்பார். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளங்களில் தேங்கும். 2003 டிசம்பர் 23 இரவு, சீனாவின் சோங்கிங் பகுதியில் காவ்சியாவ் என்னும் ஊரருகே ஒரு கிணறு பீறிட்டபோது நடந்தது இதுதான். மலைகளுக்கு நடுவிலிருந்த கிராமங்களில் குளிர்கால இரவில் வாயு படிந்து இறங்கியது. 243 பேர் இறந்தார்கள். பல்லாயிரக்கணக்கானோரை வெளியேற்ற வேண்டியிருந்தது. மறுநாள் மாலைதான் வாயுவுக்குத் தீ வைத்தார்கள். தீ வைப்பது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் எரியும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு கந்தக டை ஆக்சைடாக மாறிச் சூட்டோடு மேலே போய்விடும். அதுவும் நச்சுதான், ஆனால் தரையோடு தரையாகப் படர்ந்து தூங்குகிறவர்களைக் கொல்லாது. முதல் மணி நேரத்திலேயே பற்றவைத்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற கேள்வி அந்த விபத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

எஃகை அது கொல்லும் விதம் வேறு. ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு எஃகை அரிக்கத் தொடங்கும். அரிப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் விடுபடும். வழக்கமாக அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து குமிழியாகப் போய்விடும். சல்ஃபைடு அந்தச் சேர்க்கையைத் தடுப்பதால் அணுக்கள் தனித்தனியாக உலோகத்துக்குள் புகுந்துவிடுகின்றன. வளைந்து கொடுக்கும் எஃகு தாங்கும்; கடினமான எஃகு எச்சரிக்கை ஏதுமின்றி விரிசல் விடும். எனவே கந்தக வாயு ஓடும் இடங்களில் வலுவான எஃகைவிட மென்மையான எஃகே பாதுகாப்பானது. ராக்வெல் சி அளவுகோலில் 22-ஐத் தாண்டக் கூடாது என்பது அங்கே பழகிய விதி. விதி தெரிந்தவர்களும் தோற்றிருக்கிறார்கள். கஜகஸ்தானின் காஷகான் வயலில் உலகின் பெரிய எண்ணெய் நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து பல ஆயிரம் கோடி டாலர் கொட்டின. 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கியது. சில வாரங்களிலேயே குழாய்களில் கசிவு. கடலடியில் போட்ட எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் சுமார் 200 கிலோமீட்டருக்கும் மாற்றப்பட்டன. மீண்டும் உற்பத்தி தொடங்கியது 2016-இல்.

இந்த வாயுவைப் பிரிக்கும் கலை எண்ணெய்த் தொழிலைவிட மூத்தது. 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் தெருவிளக்கு எரிந்தது நிலக்கரியைச் சூடாக்கி எடுத்த வாயுவில். அதில் இருந்த கந்தகம் வீட்டுக்குள் நாறியது, திரைச்சீலைகளையும் உலோகச் சாமான்களையும் கெடுத்தது. முதலில் சுண்ணாம்பில் வடித்துப் பார்த்தார்கள். வாயு சுத்தமானது, ஆனால் நாறும் சுண்ணாம்புக் கழிவு வண்டி வண்டியாகச் சேர்ந்தது, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். பிறகு இரும்பு ஆக்சைடு வந்தது. மரச்சீவலில் இரும்புத் துருவைப் பூசி அதன் வழியே வாயுவைச் செலுத்தினால், துரு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்றுப் பட்டால் மீண்டும் துருவாகிவிடும். சில முறை பயன்படுத்தலாம். சிறிய வயல்களிலும் சாண எரிவாயு ஆலைகளிலும் இன்றும் இந்த உத்தி பிழைத்திருக்கிறது. தீர்ந்த சீவலை அள்ளும்போது கவனம் தேவை, காற்று பட்டவுடன் தானே தீப்பிடிக்கும்.

1930-இல் அமெரிக்காவின் கெர்ட்லர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ஆர். பாட்டம்ஸ் அமீன் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றுவரை இந்தத் தொழில் அதன்மேல்தான் நிற்கிறது. அமீன் என்பது அம்மோனியாவின் உறவு, காரத்தன்மை உடையது. ஹைட்ரஜன் சல்ஃபைடும் கரியமில வாயுவும் அமிலத்தன்மை உடையவை. ஓர் உயரமான கோபுரத்தில் அமீன் கலந்த நீர் மேலிருந்து இறங்குகிறது. அழுத்தத்தோடு வாயு கீழிருந்து ஏறுகிறது. வழியில் அமிலங்களை அமீன் பற்றிக்கொள்கிறது. சுத்தமான மீத்தேன் உச்சியில் வெளியேறுகிறது. சுமையேறிய திரவத்தை இரண்டாவது கோபுரத்துக்கு அனுப்பி, அழுத்தத்தைக் குறைத்து, சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் பிடி விட்டுவிடும். வெறுமையான அமீன் குளிர்ந்து மறுபடி முதல் கோபுரத்துக்கு. அக்கரையில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும் பரிசலைப்போல ஒரே திரவம் ஆண்டுக்கணக்கில் போய் வந்துகொண்டிருக்கும். செலவெல்லாம் அந்தச் சூட்டில்தான். அமீன் ஆலையின் பொருளாதாரம் என்பது பெரும்பாலும் நீராவியின் பொருளாதாரம்.

எந்த அமீன் என்பதில் அரை நூற்றாண்டு ஆராய்ச்சி போயிருக்கிறது. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் வகைகளைப் பயன்படுத்தினார்கள். பிறகு வந்த எம்டிஇஏ என்னும் வகை ஹைட்ரஜன் சல்ஃபைடை உடனே பிடிக்கும், கரியமில வாயுவிடம் மந்தமாக நடந்துகொள்ளும். இந்த மந்தம்தான் அதன் சிறப்பு. கரியமில வாயு சிறிதளவு இருந்தால் அடுப்புக்குக் கேடில்லை. கந்தகத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால் நீராவி மிச்சம். குஜராத்தில் சூரத் அருகே ஹசீராவில் ஓஎன்ஜிசி நடத்தும் பெரும் ஆலையில் இந்த வகை அமீன்தான் ஓடுகிறது. மும்பைக்கு அப்பால் அரபிக் கடலில் உள்ள பஸ்ஸீன் வயலின் வாயு கடலடிக் குழாய்களில் அங்கே வந்து, சுத்தமாகி, விஜய்ப்பூர் வழியாக ஜக்தீஷ்பூர் வரை போகும் நெடுங்குழாயில் ஏறி, வட இந்தியாவின் உர ஆலைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் போய்ச் சேர்கிறது. அந்த வாயுவில் கந்தகம் கொஞ்சம்தான். கொஞ்சமாக இருப்பதற்கும் ஒரு தனிச் சங்கடம் உண்டு; அதற்குப் பிறகு வருகிறேன்.

அமீனுக்கு மாற்றுகளும் இருக்கின்றன. அழுத்தம் மிக அதிகமான இடங்களில், வினைபுரியாமல் வெறுமனே கரைத்துக்கொள்ளும் திரவங்கள் சிக்கனமானவை. கரியமில வாயு மிகுந்த வயல்களில் செல்லுலோஸ் அசிடேட் சவ்வுகள் 1980-களிலிருந்து பயன்பாட்டில் உள்ளன. நெதர்லாந்தில் பிறந்த ஒரு முறையில் கந்தகத்தை உண்ணும் பாக்டீரியாக்களே வேலையைச் செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற இடம் உண்டு, அவ்வளவுதான்.

எவ்வளவு சுத்தம் போதும்? ஊர்க் குழாய்க்குப் போகும் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சுமார் 4 பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் வேரூன்றிப் பல நாடுகளுக்குப் பரவிய வரம்பு. கரியமில வாயு இரண்டு மூன்று சதவீதம் வரை போகலாம். ஆனால் வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்து எல்என்ஜியாகக் கப்பலில் ஏற்றுவதானால் கரியமில வாயு 50 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது உறைந்து குழாயை அடைத்துவிடும். சென்னைக்கு அருகே எண்ணூரில் 2019-இல் திறந்த எல்என்ஜி முனையத்துக்கு வரும் சரக்கு, அதனால்தான், ஏற்றுமதித் துறைமுகத்திலேயே எல்லா அழுக்கையும் கழித்துவிட்டு வருகிறது. அந்த அழுக்கு அங்கேயே தங்கிவிடுகிறது. நாம் வாங்குவது மீத்தேனை மட்டும்.

பிரித்தெடுத்த ஹைட்ரஜன் சல்ஃபைடைத் தொடக்க காலத்தில் வெறுமனே எரித்தார்கள். கனடாவில் கால்கரி நகருக்குத் தெற்கே டர்னர் பள்ளத்தாக்கில் 1925-இல் ஓர் ஆலை எழுந்தது. சோடா உப்புக் கரைசலில் கழுவிய வாயு கால்கரி வீடுகளுக்குப் போனது. பிரித்த ஹைட்ரஜன் சல்ஃபைடு உயரமான புகைபோக்கிகளின் உச்சியில் எரிந்தது. நகரத்து அடுப்பு சுத்தமாக எரிய, பள்ளத்தாக்கின் காற்று கந்தகத்தைச் சுமந்தது. அந்த ஊரில் கந்தகத்தைக் கந்தகமாகவே மீட்கும் ஆலை வந்தது 1952-இல்தான். இடைப்பட்ட 27 ஆண்டுகளில் தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. வாங்க ஆள் இல்லை. அமெரிக்க வளைகுடாக் கரையில் நிலத்தடிக் கந்தகத்தை வெந்நீர் செலுத்தி உருக்கி எடுக்கும் பிராஷ் சுரங்கங்கள் மலிவாக விற்றுக்கொண்டிருந்தன. கந்தகத்தை மீட்பதா, காற்றில் விடுவதா என்பதைச் சந்தை விலையே அன்று தீர்மானித்தது. சட்டம் நுழைந்தது பிற்பாடுதான்.

தொழில்நுட்பம் அப்போதே பழையது. கார்ல் பிரீட்ரிக் கிளாஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் லண்டனில் இருந்தபடி 1883-இல் காப்புரிமை பெற்றிருந்தார். சலவைச் சோடா ஆலைகளின் நாறும் கழிவுக் குவியல்களிலிருந்து கந்தகத்தை மீட்பது அவருடைய நோக்கம். 1930-களில் ஐஜி ஃபார்பன் நிறுவனம் அதை இரண்டு கட்டமாகப் பிரித்தது; அந்த வடிவமே இன்று உலகெங்கும் உள்ளது. வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் உலையில் எரித்துக் கந்தக டை ஆக்சைடாக்க வேண்டும். அது மிச்சமிருக்கும் இரண்டு பங்கோடு சேர்ந்தால் கந்தகமும் நீராவியும் கிடைக்கும். எரியும் சூட்டில் கொதிகலன் ஓடும். எனவே ஆலைக்குத் தேவையான நீராவியும் கையோடு வரும். தேன் நிறத்தில் உருகிய கந்தகம் குழாயில் ஒழுகி வருவதைப் பார்க்கிறவர்களுக்கு, அது சற்று முன்பு ஆளைக் கொல்லும் வாயுவாக இருந்தது என்று நம்பக் கடினம்.

கிளாஸ் முறை நூற்றுக்கு 95, 97 பங்கைப் பிடித்துவிடும். மிச்சம் மூன்று பங்குதான் என்று தோன்றும். நாளுக்கு ஆயிரம் டன் கந்தகம் எடுக்கும் ஆலையில் அந்த மூன்று பங்கு 30 டன் கந்தகம். காற்றில் போனால் 60 டன் கந்தக டை ஆக்சைடு. அமில மழை பற்றிய கவலை 1970-களில் பரவிய பிறகு, கடைசி வாயுவை மீண்டும் ஹைட்ரஜன் சல்ஃபைடாக்கித் திருப்பி அனுப்பும் முறைகள் வந்தன. ஷெல் நிறுவனத்தின் ஸ்காட் முறை அவற்றில் பெயர்பெற்றது. அதோடு மீட்பு 99.8 சதவீதத்தைத் தாண்டியது. அந்தக் கடைசி மூன்று சதவீதத்தைப் பிடிக்க ஆகும் முதலீடு, முதல் 97-ஐப் பிடிக்க ஆகும் முதலீட்டுக்கு இணையாகப் போகலாம். திரும்பி வரும் கந்தகத்தின் விலை அதை ஈடுகட்டாது. சட்டம் கண்டிப்பாக இருக்கும் நாடுகளில்தான் இந்தக் கடைசிப் படி ஒழுங்காக நடக்கிறது என்பதில் வியப்பில்லை.

இங்கே ஹசீராவின் சங்கடம் வருகிறது. கிளாஸ் உலை நின்று எரிய ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவாக வர வேண்டும். கந்தகம் குறைந்த வயலில் கழற்றிய வாயுவில் பெரும்பகுதி கரியமில வாயு, உலை அணைந்துவிடும். ஹசீராவில் இதற்காக இரும்புச் சேர்மம் கரைந்த நீர்மத்தில் கந்தகத்தைத் துகளாகப் படியவைக்கும் லோ-கேட் முறையை வைத்தார்கள். இப்படிக் கிடைக்கும் கந்தகம் ஈரச் சேறாக வரும். உருக்கி எடுத்ததைப்போல் தரமாக இருக்காது. கந்தகம் குறைவாக இருப்பதால் வேலை குறைவு என்று சொல்ல முடியாது.

நிறைய எடுப்பவர்களுக்கு வேறு வகை அவஸ்தை. காஸ்பியன் கரையில் கஜகஸ்தானின் டெங்கிஸ் வயலில் கந்தகத்தை உருக்கி ஊற்றி, கெட்டித்து, கட்டடம்போல் எழுப்பி வைத்தார்கள். 2000-களின் நடுவில் அந்த மஞ்சள் கட்டிகள் சுமார் 90 லட்சம் டன். 2007-இல் திறந்தவெளியில் குவித்ததற்காக அரசு 60 கோடி டாலர் அளவில் அபராதம் விதித்தது, பின்னர் குறைத்தது. கட்டி கட்டியாக விற்றுத் தீர்க்கப் பல ஆண்டுகள் ஆயின. ஆல்பர்ட்டாவிலும் இதே காட்சி. கெட்டிக் கந்தகம் தானாக எங்கும் ஓடிப்போகாது, உடனே யாரையும் கொல்லாது. ஆனால் மழையில் நனைந்தால் பாக்டீரியாக்கள் அதை மெல்ல அமிலமாக்கும். தூசி காற்றில் பறக்கும், எளிதில் தீப்பிடிக்கும்.

அபுதாபியின் ஷா வயல் வேறு வழியில் போனது. அங்கே வாயுவில் 23 சதவீதம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. லாக்கைவிட ஒன்றரை மடங்கு. கொனோகோபிலிப்ஸ் 2010-இல் திட்டத்திலிருந்து விலக, ஆக்ஸிடென்டல் உள்ளே வந்தது. 2015-இல் உற்பத்தி தொடங்கியது. நாளொன்றுக்கு நூறு கோடி கன அடி வாயு எடுத்தால், கணக்குப்படி ஏறக்குறைய 9,000 டன் கந்தகம் சேரும். பாலைவனத்தின் நடுவே அதைக் குவித்தால் சில ஆண்டுகளில் குன்றாகிவிடும். எனவே கிணற்றைத் திட்டமிடும்போதே இருப்புப்பாதையையும் திட்டமிட்டார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் முதல் சரக்கு ரயில்பாதையான அந்த 264 கிலோமீட்டர், ஷாவிலிருந்தும் ஹப்ஷானிலிருந்தும் ருவைஸ் துறைமுகத்துக்குக் கந்தகக் குருணையை ஏற்றிச் செல்லவே முதலில் போடப்பட்டது. எரிவாயுக் கந்தகத்துக்காக ஒரு நாட்டில் சரக்கு ரயில் வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

துறைமுகத்திலிருந்து அது எங்கே போகிறது? கந்தகத்தின் பெரும்பகுதி கந்தக அமிலமாகிறது. அமிலத்தில் பாதிக்கு மேல் பாஸ்பேட் பாறையைக் கரைத்து உரமாக்கப் போகிறது. பாரதீப், எண்ணூர், தூத்துக்குடி போன்ற துறைமுகங்களை ஒட்டியே நம் பாஸ்பேட் உர ஆலைகள் அமைந்திருப்பதற்குப் பாறையும் அமிலமும் கந்தகமும் கப்பலில் வருவது முக்கியக் காரணம். வயலில் போடும் டிஏபி மூட்டையின் பின்னால் எங்கோ ஓர் அமீன் கோபுரமோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையோ நிற்கிறது. சிவகாசியின் தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் கந்தகம் வேண்டும் என்றாலும் உரத்தோடு ஒப்பிட்டால் அது கைப்பிடி அளவு. வாயுவும் எண்ணெயும் தந்த கந்தகம் பெருகப் பெருக பிராஷ் சுரங்கங்கள் போட்டியிட முடியாமல் மூடப்பட்டன. அமெரிக்காவில் கடைசிச் சுரங்கம் 2000-இல் நின்றது. பக்கவிளைபொருள் சுரங்கக் கந்தகத்தைச் சந்தையிலிருந்தே துரத்திவிட்டது.

விற்கவும் குவிக்கவும் விரும்பாதவர்கள் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புகிறார்கள். 1989-இல் ஆல்பர்ட்டாவின் எட்மன்டன் அருகே, கழற்றிய அமில வாயுவை அழுத்திப் பழைய பாறையடுக்குக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். கந்தகம் குறைவாக உள்ள சிறு வயல்களுக்கு இது பொருந்தி வந்தது. நச்சை நிலத்துக்கடியில் அழுத்துவது என்றதும் பலருக்குக் கலக்கம் வரும், நியாயமானதுதான். ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகள் அது அங்கேதானே இருந்தது என்ற வாதத்திலும் வலு இருக்கிறது.

இதே உத்தி கரியமில வாயுவில் உலகப் புகழ் பெற்றது. வட கடலில் நார்வேயின் ஸ்லைப்னர் வயலின் வாயுவில் கரியமில வாயு சுமார் 9 சதவீதம். வாங்குவோர் ஏற்பது 2.5. வழக்கமாக, கழற்றியதை யாரும் கண்டுகொள்ளாமல் வானில் விட்டுவிடுவார்கள். அதற்கு நாற்றமில்லை, புகார் சொல்ல ஆளில்லை. 1991-இல் நார்வே கரியமில வாயுவுக்கு வரி போட்டது. கணக்குப் போட்டுப் பார்த்த நிறுவனம், 1996 முதல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் கடலடியில் ஒரு கிலோமீட்டர் கீழே உள்ள உப்புநீர் மணற்கல்லில் செலுத்தியது. இதைப் பொறியியல் சாதனை என்று எழுதுவது வழக்கம். வரிச்சட்டத்தின் சாதனை என்று எழுதினாலும் பொருந்தும். ஆஸ்திரேலியாவின் கோர்கன் வயலில் 14 சதவீதம். அதில் ஐந்தில் நான்கு பங்கைப் புதைப்பதாக வாக்களித்துத்தான் அனுமதி பெற்றார்கள். எல்என்ஜி ஏற்றுமதி 2016-இல் தொடங்கியது. புதைத்தல் தொடங்கியது 2019-இல். தொடங்கிய பிறகும் நிலத்தடி அழுத்தத்தைச் சமாளிக்க முடியாமல் இலக்கை எட்டவில்லை. வாயு விற்பனை மட்டும் காத்திருக்கவில்லை. தென்சீனக் கடலில் இந்தோனேசியாவின் நதுனா வயல் 1973-லேயே கண்டறியப்பட்டது. அங்கே 70 சதவீதம் கரியமில வாயு. ஆசியாவின் மிகப்பெரிய வயல்களில் ஒன்று அரை நூற்றாண்டாக அப்படியே கிடக்கிறது. மீத்தேனை எடுக்கத் தெரியாமல் இல்லை. மற்றதை வைக்க இடமும் பணமும் இல்லை.

நீராவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வெளியே உறைநிலைக்கு மேல் வெப்பம் இருக்கும்போதே குழாய்கள் பனியால் அடைபடுவது அமெரிக்கப் பொறியாளர்களுக்குப் புதிராக இருந்தது. அது பனி அல்ல, நீர்க்கூட்டுக்குள் மீத்தேன் சிறைப்பட்ட ஹைட்ரேட் என்று 1934-இல் ஹாமர்ஷ்மிட் காட்டினார். கிளைக்கால் என்னும் திரவத்தில் கழுவி உலர்த்துவது அன்றாட வேலை ஆயிற்று.

பாதரசத்தின் அளவோ மிக நுண்ணியது; சேதம் பெரிது. அல்ஜீரியாவின் ஸ்கிக்டா எல்என்ஜி ஆலையில் 1973-இல் குளிர்விக்கும் அலுமினியக் கருவி திடீரென்று பழுதானது. காரணம் தேடியபோது, வாயுவில் யாரும் எதிர்பாராத அளவில் இருந்த பாதரசம் குளிர்ந்த இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தங்கி அலுமினியத்தை அரித்திருந்தது. அதுவரை யாரும் அதை அளக்கவே இல்லை. முப்பது ஆண்டு கழித்து, 2004 புத்தாண்டு நாளில் தெற்கு ஆஸ்திரேலியாவின் மூம்பா ஆலையில் அதே உலோகம் அதே உலோகத்தை உடைத்து வெடிப்பு உண்டானது. சிட்னி வரை எரிவாயுத் தட்டுப்பாடு. இப்போது எல்என்ஜி ஆலைகளில் ஒரு கன மீட்டர் வாயுவில் ஒரு கிராமில் பத்துக் கோடியில் ஒரு பங்கு பாதரசத்துக்கு மேல் விடுவதில்லை. அதைப் பிடிக்கப் பயன்படுவது கந்தகம் ஏற்றிய கரி அல்லது உலோகச் சல்ஃபைடு. தீர்ந்துபோன அந்தக் கரி பிறகு நச்சுக் கழிவு. அதற்கும் ஓர் இடம் தேட வேண்டும்.

நைட்ரஜன் தீங்கற்றது, எரியாதது, அவ்வளவே. ஆனால் அது ஒரு புதையலைக் காட்டிக்கொடுத்தது. 1903-இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து டெக்ஸ்டர் ஊரில் பெரிய வாயுக் கிணறு பீறிட, ஊரே விழா எடுத்தது. எரியும் வைக்கோல் கட்டை அருகே தள்ளினார்கள். வாயு அதை அணைத்துவிட்டது. இரண்டு ஆண்டு கழித்துக் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் கேடி, மெக்ஃபார்லண்ட் இருவரும் அந்த வாயுவில் ஏறக்குறைய இரண்டு சதவீதம் ஹீலியம் இருப்பதைக் கண்டார்கள். சூரியனில் மட்டும் மிகுதி என்று நினைத்த பொருள் கிணற்றில் இருந்தது. இன்று மருத்துவமனைகளின் எம்ஆர்ஐ காந்தங்களைக் குளிரவைக்கும் ஹீலியம் இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைப்பதுதான். கத்தார் அதை எல்என்ஜியின் பக்கவிளைபொருளாக எடுத்து விற்கிறது. காவிரிப் படுகையில் குத்தாலம் வயலின் வாயுவிலிருந்து ஹீலியம் பிரிக்க, கொல்கத்தாவின் அணுசக்தித் துறை ஆய்வு மையமும் ஓஎன்ஜிசியும் சேர்ந்து ஒரு முன்னோட்ட ஆலை அமைத்தன. அங்கே ஹீலியம் மிக நீர்த்தது, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இவ்வளவு பாடுபட்டுக் கந்தகத்தை நீக்கிய வாயுவில் கடைசியில் கொஞ்சம் கந்தகத்தைத் திரும்பக் கலக்கிறார்கள். 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியின் அடித்தளத்தில் கசிந்து சேர்ந்த வாயு வெடித்துச் சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். சுத்த மீத்தேனுக்கு வாடை கிடையாது, யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு வாடை சேர்ப்பது சட்டமானது. நம் வீட்டு சிலிண்டரில் ‘கேஸ் வாடை’ என்று சொல்வது எல்பிஜியில் கலந்த எத்தில் மெர்காப்டன். அதுவும் ஒரு கந்தகச் சேர்மம்.

கந்தகத்தின் கணக்கு இப்போது புதுத் திருப்பத்தில் நிற்கிறது. 2022-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஒரு கணிப்பு வெளியிட்டார்கள். எண்ணெயும் எரிவாயுவும் குறைந்தால் அவற்றோடு வரும் கந்தகமும் குறையும்; மின்கல உலோகங்களுக்கும் உரத்துக்கும் கந்தக அமிலத் தேவையோ கூடும். 2040 வாக்கில் ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னுக்கும் மேல் அமிலப் பற்றாக்குறை வரலாம் என்கிறார்கள். அந்தக் கணிப்பு வந்த அடுத்த ஆண்டே கஜகஸ்தான் அரசு காஷகான் கூட்டமைப்பின்மீது ஐந்நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டது, அனுமதித்த 7.3 லட்சம் டன்னை மீறி 17 லட்சம் டன் வரை கந்தகம் குவித்தது குற்றச்சாட்டுகளில் ஒன்று. பற்றாக்குறையும் குவியலும் ஒரே காலத்தில் இருப்பதற்குக் காரணம் தூரம். கந்தகம் கனமான, மலிவான சரக்கு; கடல் இல்லாத நாட்டிலிருந்து அதை ரயிலிலேற்றி வேறு நாட்டுத் துறைமுகம் சேர்க்கும் கூலி பல ஆண்டுகளில் அதன் விலையையே விழுங்கிவிடும். ஷாவில் ரயிலைக் கிணற்றோடு சேர்த்துப் போட்டார்கள். காஷகானில் முதலில் கிணறு, பிறகு கந்தகம், அதன் பிறகு வழக்கு. புதிய வயலுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரி கந்தகம் எந்தப் பாதையில், யார் செலவில், யாரிடம் போகும் என்ற தாளை முதல் எரிவாயு விற்பனை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டு வாங்க முடியும். அதற்குப் புதிய வேதியியல் எதுவும் தேவையில்லை.